ரஷ்யா, இரண்டாம் முறை: 13 நாள் வழிக்குறிப்பு

புறப்பட 30 நாள் முன்

2018 உலகக் கோப்பைக் கால்பந்து சமயத்திலோ அதையொட்டியோ ரஷ்யா போய் வந்தவர்கள் மறுபடி கிளம்பும்போது, பழைய பயணத்தின் பழக்கம்தான் முதலில் காலை வாரும். அன்று அட்டையைத் தேய்த்து ரூபிள் எடுத்தோம், ஃபோனிலேயே ரயில் டிக்கெட் போட்டோம், மீதியை அங்கே போய்ப் பார்த்துக்கொண்டோம். 2022 மார்ச்சில் விசா, மாஸ்டர்கார்டு இரண்டும் ரஷ்யாவில் சேவையை நிறுத்தின. வெளிநாட்டில் வாங்கிய அந்த அட்டைகளால் அங்கே கடையிலும் பணம் கட்ட முடியாது, ஏடிஎம்மிலும் எடுக்க முடியாது. புக்கிங்.காம் தளமும் ஏர்பிஎன்பியும் அதே மாதம் விலகின. இப்போது காகிதமும் ரொக்கமும்தான் துணை. ஊரில் முடிக்க வேண்டியதை ஊரிலேயே முடித்துவிட்டுப் போக வேண்டும். செப்டம்பரில் ஒரு புதனன்று தொடங்கும் இந்த வழியில் தங்கும் ஊர்கள் நான்கு: மாஸ்கோ, சுஸ்தல், கசான், பீட்டர்ஸ்பர்க்.

நல்ல மாற்றம் ஒன்றும் உண்டு. அழைப்புக் கடிதம் தேடித் தூதரக வரிசையில் நிற்க வேண்டியதில்லை. இந்தியர்களுக்கு 2023 ஆகஸ்டிலிருந்து இ-விசா இருக்கிறது. தொடக்கத்தில் 60 நாள் செல்லுபடி, 16 நாள் தங்கல். 2025 ஆகஸ்டிலிருந்து 120 நாள் செல்லுபடி, 30 நாள் தங்கல். கட்டணம் சுமார் 52 டாலர். நான்கு நாளில் வந்துவிடும். ஆனால் மூன்று விஷயங்களில் கவனம் தேவை.

முதலாவது, ஒரே ஒரு நுழைவுதான். நடுவில் ஜார்ஜியாவையோ கசக்ஸ்தானையோ எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப முடியாது. இரண்டாவது, நாள் கணக்கு காலண்டர் கணக்கு. இரவு 11.50க்கு இறங்கினாலும் அது முதல் நாளாகத்தான் எண்ணப்படும். மூன்றாவது, பட்டியலில் உள்ள எல்லைகள் வழியாக மட்டுமே நுழையவும் வெளியேறவும் முடியும். மாஸ்கோவின் ஷெரெமெத்யெவோவும் பீட்டர்ஸ்பர்கின் புல்கோவோவும் பட்டியலில் உள்ளன. அதனால் மாஸ்கோவில் இறங்கி பீட்டர்ஸ்பர்கில் ஏறும்படி டிக்கெட் எடுப்பது நல்லது, ஒரு நாள் மிச்சமாகும்.

தமிழ்நாட்டுப் பாஸ்போர்ட்டில் இன்னொரு சிக்கல் வரும். அப்பா பெயரை இனிஷியலாக வைத்திருப்போம், குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும், அல்லது அப்பா பெயரே அங்கே ஏறியிருக்கும். பாஸ்போர்ட்டின் அடியில் அம்புக்குறிகளோடு ஓடும் இரண்டு வரிகளில் பெயர் எப்படி இருக்கிறதோ, அந்த வரிசையிலும் எழுத்துக்கூட்டலிலும்தான் விசா, விமான டிக்கெட், ரயில் டிக்கெட் மூன்றும் இருக்க வேண்டும். ஓர் எழுத்து பிசகினாலும் விமானத்தில் ஏற்ற மறுப்பார்கள். இ-விசாவில் திருத்தம் கிடையாது, புதிதாகப் பணம் கட்டி விண்ணப்பிக்க வேண்டியதுதான்.

மருத்துவக் காப்பீடு எடுக்கும்போது, "உலகம் முழுதும்" என்ற தலைப்பை நம்பி விட்டுவிடாதீர்கள். விலக்கப்பட்ட நாடுகள் என்ற பகுதியைத் தேடிப் படியுங்கள்.

புறப்பட 10 நாள் முன்: பணம்

இந்தியாவிலிருந்து பெரும்பாலான நாடுகளுக்கு ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் வரைதான் நோட்டாக எடுத்துப் போகலாம். ரஷ்யா, ஈரான், சிஐஎஸ் அமைப்பில் உள்ள முன்னாள் சோவியத் நாடுகளுக்கு ரிசர்வ் வங்கி விதிவிலக்கு தந்திருக்கிறது. அங்கே போகிறவர்கள் எடுக்கும் அந்நியச் செலாவணி முழுவதையும் நோட்டாகவே வாங்கலாம். பணமாற்றுக் கடைக்காரர் சிலருக்கு இது நினைவிருக்காது. டிக்கெட்டையும் விசாவையும் காட்டிக் கேளுங்கள். அவர் தரும் ரசீதைக் கடைசி நாள் வரை பத்திரமாக வைத்திருங்கள். ரஷ்ய எல்லையில் 10,000 டாலருக்கு மேல் கையில் இருந்தால் சுங்கத்தின் சிவப்பு வழியில் போய் அறிவிக்க வேண்டும்.

நோட்டின் நிலையைப் பார்த்து வாங்குங்கள். மடிப்பு பழுத்தது, பேனாக் கிறுக்கல் உள்ளது, கடை முத்திரை விழுந்தது, ஓரம் கிழிந்தது என்றால் ரஷ்ய வங்கிக் காசாளர் கண்ணாடிக்கு அடியிலேயே திருப்பித் தள்ளிவிடுவார், அல்லது கழிவு பிடிப்பார். சின்னத் தலை போட்ட பழைய டாலரை வாங்காதீர்கள். 100 டாலர் நோட்டுகளோடு 50, 20 என்று கொஞ்சம் கலந்து வாங்கினால் கடைசி நாட்களுக்குக் கைகொடுக்கும். எல்லாவற்றையும் ஒரே நாளில் ரூபிளாக்கிவிடக் கூடாது. மீந்த ரூபிளை அங்கே திரும்ப டாலராக்குவதும் சிரமம், இங்கே கொண்டுவந்து மாற்றுவது அதைவிடச் சிரமம். மூன்று நாள் செலவுக்கு ஒரு தரம் என்று மாற்றுங்கள்.

ஹோட்டல் பதிவில் இரண்டு கேள்விகளை எழுதிக் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள்: வெளிநாட்டவரைப் பதிவு செய்வீர்களா, ரொக்கமாக வாங்கிக்கொள்வீர்களா? எல்லாச் சிறு விடுதிகளும் வெளிநாட்டவரைச் சேர்ப்பதில்லை. சேர்ப்பவர்கள் பாஸ்போர்ட்டையும் குடிவரவு அட்டையையும் வாங்கிப் பதிவு செய்து தாளைக் கையில் தருவார்கள். ஊருக்கு ஊர் அந்தத் தாளைச் சேர்த்து வையுங்கள்.

புறப்பட 3 நாள் முன்: ஃபோன்

2025 அக்டோபரிலிருந்து, வெளிநாட்டு சிம் ரஷ்ய சிக்னலைப் பிடித்த முதல் 24 மணி நேரத்துக்கு மொபைல் இணையமும் எஸ்எம்எஸ்ஸும் வராது. வங்கி ஓடிபியும் அதோடு நின்றுவிடும். "இறங்கியதும் ஆன்லைனில் கட்டிக்கொள்ளலாம்" என்று விட்டுவைத்த எதுவும் நடக்காது. உள்ளூர் சிம் வாங்க பயோமெட்ரிக் அடையாளப் பதிவும் அந்நாட்டுக் காப்பீட்டு எண்ணும் கேட்கிறார்கள். 13 நாளுக்கு அந்த அலைச்சல் தேவையில்லை. ட்ரோன் எச்சரிக்கை வந்தால் உள்ளூர்க்காரர்களுக்கே மொபைல் இணையம் நிற்கிறது. கஃபேயில் வைஃபை இருந்தாலும் உள்ளே நுழைய ரஷ்ய எண் கேட்கும். ஹோட்டல் வைஃபைதான் நிச்சயம்.

எனவே யாண்டெக்ஸ் வரைபடத்தில் நான்கு ஊரையும், மொழிபெயர்ப்புச் செயலியில் ரஷ்ய மொழியையும் ஆஃப்லைனில் இறக்கிவிடுங்கள். மாஸ்கோ நடுப்பகுதியில் ஜிபிஎஸ் புள்ளி குதித்துக்கொண்டே இருக்கும், கிரெம்ளின் பக்கம் நிற்பவரை விமான நிலையத்தில் காட்டும். தெருப் பெயரைப் படித்து நடப்பவருக்குத்தான் வழி தெரியும். அதற்குப் பத்து எழுத்து போதும். ஆங்கிலத்தின் 'P' வடிவம் அங்கே 'ர', 'C' வடிவம் 'ஸ', 'H' வடிவம் 'ந', 'B' வடிவம் 'வ'. ரெஸ்தொரான் என்ற பலகை ஆங்கிலக் கண்ணுக்கு 'பெக்டோபா' என்று தெரியும். அது பிடிபட்டுவிட்டால் மீதியும் வந்துவிடும்.

விசா, திரும்பும் டிக்கெட், காப்பீடு, எல்லா ஹோட்டல் முகவரி. இவற்றைத் தாளில் இரண்டு பிரதி எடுத்து இரண்டு பைகளில் வையுங்கள்.

நாள் 1, புதன்: மாஸ்கோ

குடிவரவு மேசையில் அச்சிட்டுத் தரும் அட்டையில் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் சரியா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். கவுண்டரை விட்டு நகர்ந்தபின் திருத்துவது பெரும்பாடு. தனியே கூப்பிட்டு உட்காரவைத்துக் கேள்வி கேட்பதும் நடக்கும். தாள்களைக் காட்டிப் பொறுமையாகப் பதில் சொன்னால் விட்டுவிடுவார்கள். அடுத்த ரயிலையோ விமானத்தையோ இதே நாளில் வைத்துக்கொள்ளாதீர்கள். ட்ரோன் எச்சரிக்கையால் விமான நிலையங்களை மணிக்கணக்கில் மூடுவதும் உண்டு. நாட்டுக்குள் எல்லாப் பயணத்தையும் இங்கே ரயிலிலேயே வைத்திருப்பதற்கு அதுதான் காரணம்.

விமான நிலையத்தில் 50 டாலர் மட்டும் மாற்றினால் போதும். ஏரோஎக்ஸ்பிரஸ் ரயில் பெலரூஸ்கி நிலையத்தில் விடும். மெட்ரோவுக்குக் 'கஸ்ஸா' என்ற கவுண்டரில் ரொக்கம் கொடுத்து த்ரோய்கா அட்டை வாங்குங்கள்.

நாள் 2, வியாழன்

வியாழனன்று கிரெம்ளின் அருங்காட்சியகங்களுக்கு விடுமுறை. வெளியூர்க்காரர் பலர் இதைத் தெரியாமல் வாசல் வரை வந்து திரும்புவார்கள். ரஷ்யாவில் வாரவிடுப்பு இடத்துக்கு இடம் மாறும். மாஸ்கோவின் த்ரெத்யகோவ் ஓவியக்கூடத்துக்கும் பீட்டர்ஸ்பர்கின் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்துக்கும் திங்கள், அதே ஊரின் ரஷ்ய அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய். அதற்கு மேல் மாதத்துக்கு ஒரு நாள் 'சனிதார்னி தேன்' என்று துப்புரவுக்காக மூடுவார்கள். பயணத்தின் கிழமைகளை இந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் அடுக்க வேண்டும். புதனில் தொடங்கியதும் அதனால்தான்.

இந்த நாளை மெட்ரோவுக்கும் நடைக்கும் கொடுக்கலாம். பழுப்பு வட்டப் பாதையில் கம்சமோல்ஸ்கயா, நவஸ்லபோத்ஸ்கயா, கீயெவ்ஸ்கயா என்று இறங்கி ஏறலாம். வெளியே போகாதவரை ஒரே டிக்கெட்தான். அறிவிப்புக் குரலைக் கவனியுங்கள். வட்டமல்லாத பாதைகளில் நகர மையத்தை நோக்கிப் போனால் ஆண் குரல், மையத்தை விட்டு விலகினால் பெண் குரல். திசை தவறி ஏறினால் காதே சொல்லிவிடும். முதல் தடவை வந்தபோது முழுதாக இல்லாத பெரிய வட்டப் பாதை 2023 மார்ச் 1 அன்று முழுமையடைந்தது, 70 கிலோமீட்டர், 31 நிலையங்கள்.

கிரெம்ளினுக்கு எதிரே மஹவாயா தெருவில் மாஸ்கோ பல்கலைக்கழகத்தின் ஆசிய ஆப்பிரிக்க நாடுகள் கல்விக்கழகம் இருக்கிறது. சங்கக் கவிதையில் ஊறிய அலெக்சாந்தர் துப்யான்ஸ்கி, 2020இல் மறையும் வரை, தமிழ் கற்பித்தது இங்கேதான். பார்க் குல்தூரி நிலையத்தில் இறங்கினால் ஸூபவ்ஸ்கி புல்வார். சோவியத் நூல்களைத் தமிழில் அச்சிட்டு அனுப்பிய முன்னேற்றப் பதிப்பகத்தின் முகவரி அந்தச் சாலையின் 17ஆம் எண். கடைசிப் பக்கத்தில் அந்த முகவரியைப் படித்து வளர்ந்தவர்கள் ஒரு பத்து நிமிடம் அங்கே நிற்கலாம்.

மாலையில் ரயில் டிக்கெட் வேலை. பல ரயில்களுக்கு 90 நாள் முன்பே விற்பனை திறக்கிறது, ஆனால் ரயில்வே தளம் நம் அட்டையை ஏற்காது. ஊரிலிருந்தே ஏதாவது முகவர் மூலம் எடுத்திருந்தால் அது மேல். இல்லையென்றால் நிலையக் கஸ்ஸாவில் ரொக்கமும் பாஸ்போர்ட்டும் கொடுத்து வாங்க வேண்டும். வரிசையில் சேருமுன் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படியுங்கள். ஒவ்வொரு ஜன்னலுக்கும் இடைவேளை நேரம் தனித்தனியாக எழுதியிருக்கும். உங்கள் முறை வரும் நேரத்தில் பலகையை வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார்கள், பக்கத்து வரிசையில் முதலிலிருந்து நிற்க வேண்டிவரும். தேதி, ரயில் எண், வகுப்பு, படுக்கை எண் ஆகியவற்றைத் தாளில் எழுதி நீட்டினால் வேலை இரண்டு நிமிடத்தில் முடியும்.

படுக்கை எண் கணக்கு இது: ஒற்றைப்படை கீழே, இரட்டைப்படை மேலே. நான்கு பேர் அறைகளாகப் பிரித்த குபே பெட்டியில் 36 படுக்கை. திறந்த பெட்டியான பிளாட்ஸ்கார்த்தில் 54, அதில் 37 முதல் 54 வரை நடைபாதையோரப் பக்கப் படுக்கை. இரண்டிலும் 33 முதல் 36 வரை கழிப்பறைக்குப் பக்கத்தில் இருப்பவை, தவிர்ப்பது நல்லது.

நாள் 3, வெள்ளி

கிரெம்ளின், ஆயுதக்கூடம். ஆயுதக்கூடத்துக்கு நேரம் குறித்த டிக்கெட்தான், காலையில் முதல் ஆளாகக் கவுண்டரில் நில்லுங்கள்.

நாள் 4, சனி: விளாதிமிர் வழி சுஸ்தல்

விளாதிமிருக்கு விரைவு ரயிலில் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணி நேரம். மாஸ்கோவில் அது குர்ஸ்கி நிலையமா வஸ்தோச்னியா என்று டிக்கெட்டைப் பாருங்கள், இரண்டும் வெவ்வேறு மூலைகள். சுஸ்தலுக்கு ரயில் கிடையாது. விளாதிமிர் ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே பேருந்து நிலையம், முக்கால் மணி நேரப் பயணம். சுஸ்தல் பேருந்து நிலையம் ஊருக்கு இரண்டு கிலோமீட்டர் வெளியே இருக்கிறது. இறங்கும் முன், இதே பேருந்து நடு ஊர் வரை போகுமா என்று ஓட்டுநரிடம் கேளுங்கள்.

நாள் 5, ஞாயிறு: சுஸ்தல்

வேலை எதுவும் வைத்துக்கொள்ளாத நாள். கமென்கா ஆற்றோரம் நடந்து எவ்ஃபீமி மடத்து மணியோசை கேட்டால் போதும்.

சைவர்களுக்கு ஒரு சொல்: 'பஸ்த்னயே'. ஆர்த்தடாக்ஸ் நோன்பு உணவு என்று பொருள். இறைச்சி, பால், முட்டை எதுவும் இராது, மீன் மட்டும் சில நாள் இருக்கலாம். "இறைச்சி வேண்டாம்" என்று சொன்னால் கோழி வைத்துவிடுவார்கள். போர்ஷ் சூப்பில் காய் மட்டும் மிதந்தாலும் அடியில் எலும்புச் சாறு இருக்கும். தட்டேந்திப் போகும் 'ஸ்தலோவயா' உணவகத்தில் கிரேச்கா என்ற கருங்கோதுமைச் சோறு, பீட்ரூட் சாலட், உருளைக்கிழங்கு வைத்த வரேனிகி கிடைக்கும். எந்த ஊரிலும் ஒரு ஜார்ஜிய உணவகம் உண்டு. அங்கே பீன்ஸ் குழம்பான லோபியோவும் பாலாடைக்கட்டி ரொட்டியும் வயிற்றை நிரப்பும்.

நாள் 6, திங்கள்: நெர்ல், பிறகு இரவு ரயில்

விளாதிமிரிலிருந்து பகலுபவோ பேருந்து. மடத்துக்குப் பின்னால் இறங்கி, தண்டவாளத்துக்கு மேலுள்ள நடைபாலத்தைக் கடந்தால் புல்வெளி. ஒன்றரை கிலோமீட்டர் நடை, நிழல் இல்லை. எதிரே தனியாக வெள்ளைக் கல்லில் நிற்பது நெர்ல் ஆற்றுத் தேவாலயம், 1165ஆம் ஆண்டினது. சிறிய கோயில், ஆனால் நின்று பார்க்க வேண்டியது. சுவரின் மேல் பகுதியில் தாவீது அரசன் உட்கார்ந்திருக்கிறான், இருபுறமும் பறவைகளும் சிங்கங்களும் கேட்டுக்கொண்டிருக்கின்றன. கோயில் நிற்கும் மேடு இயற்கையானது அல்ல. வெள்ளம் வரும் தாழ்நிலம் என்பதால் அடித்தளத்தின் மேல் கிட்டத்தட்ட நான்கு மீட்டர் சுவர் எழுப்பி, அதைச் சுற்றி மண்ணை இறுக்கி மூடி, அதற்கு மேல்தான் கோயிலைக் கட்டினார்கள். ஏப்ரல் வெள்ளத்தில் மேடு தீவாகிவிடும். செப்டம்பரைத் தேர்ந்ததில் அதுவும் ஒரு காரணம், கால் நனையாமல் போய் வரலாம்.

மாலையில் மாஸ்கோ, இரவு கசான் ரயில், சுமார் 12 மணி நேரம். பெட்டி வாசலில் பாஸ்போர்ட்டை டிக்கெட்டோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுவார்கள். பெட்டியின் ஒரு முனையில் வெந்நீர் பாய்லர் எந்நேரமும் கொதிக்கும். உடனடி நூடுல்ஸ், டீத்தூள், ஒரு எவர்சில்வர் டம்ளர் இருந்தால் ராத்திரிச் சாப்பாடு முடிந்தது. படுக்கை விரிப்பு கொடுப்பார்கள், காலையில் சுருட்டித் திருப்பித் தர வேண்டும்.

நாள் 7, செவ்வாய்: கசான்

கடிகாரத்தை மாற்ற வேண்டாம், இங்கேயும் மாஸ்கோ நேரம்தான். இந்த ஊர்க் கோட்டையான கசான் கிரெம்ளினுக்குள் 2005இல் திறந்த குல் ஷரீஃப் மசூதியும் பழைய தேவாலயமும் சில நிமிட நடைக்குள். தெருவோரத்தில் விற்கும் முக்கோண எச்போச்மாக்கில் இறைச்சி இருக்கும். சைவர்கள் உருளைக்கிழங்கு மசித்து மடித்த கிஸ்திபியைக் கேளுங்கள்.

நாள் 8, புதன்: ஸ்வியாழ்ஸ்க்

1551இல் கசானைப் பிடிப்பதற்காக ரஷ்ய ஜார் நான்காம் இவான் கட்டிய கோட்டை ஊர். வோல்காவின் மேல்பகுதியில் உக்லிச் பக்கம் மரத்தை வெட்டி, குறியிட்டு, ஆற்றில் மிதக்கவிட்டு, இங்கே நான்கு வாரத்தில் பொருத்திவிட்டார்கள். பேராலயச் சுவரில் குதிரைத் தலையோடு புனித கிறிஸ்தஃபர் ஓவியம் இருக்கிறது. அதைத் தேடிப் பாருங்கள். போகும்போதே திரும்பும் வண்டி நேரத்தைக் கேட்டு வையுங்கள், இரவு ரயிலைத் தவறவிட்டால் அடுத்த நாள் முழுத் திட்டமும் சரியும்.

நாள் 9, வியாழன்: பீட்டர்ஸ்பர்குக்கு

ரயில் மாஸ்கோ கசான்ஸ்கியில் நின்றால் அதிர்ஷ்டம். சதுக்கத்தைச் சுரங்கப்பாதையில் கடந்தால் லெனின்கிராத்ஸ்கி நிலையம், பீட்டர்ஸ்பர்குக்குப் போகும் அதிவேக ரயிலான சப்சான் அங்கிருந்துதான். வஸ்தோச்னியில் நின்றால் மெட்ரோ பிடிக்க வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து மூன்று மணி நேர இடைவெளி வைத்து டிக்கெட் எடுங்கள். நிலையத்தின் பெயர் அது போய்ச் சேரும் ஊரின் பெயர். மாஸ்கோவில் லெனின்கிராத்ஸ்கி என்றால் பீட்டர்ஸ்பர்கில் இறங்குவது மஸ்கோவ்ஸ்கி.

650 கிலோமீட்டர், நான்கு மணி நேரம். வழியில் த்வேர், 15ஆம் நூற்றாண்டில் இந்தியா வந்து பீதர் வரை போன வணிகர் அஃபனாசி நிகீதினின் ஊர்.

தங்குமிடத்தை நேவ்ஸ்கி பக்கமே எடுங்கள். ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை நள்ளிரவுக்குப் பின் நேவா ஆற்றுப் பாலங்கள் கப்பலுக்காகத் தூக்கப்படும், மெட்ரோவும் அந்நேரம் ஓடாது. பாலத்தைப் பார்க்கப் போனவர் வசீலெவ்ஸ்கி தீவில் அறை எடுத்திருந்தால் விடியும் வரை இக்கரையில்தான் நிற்க வேண்டும்.

நாள் 10, வெள்ளி: ஹெர்மிடாஜ்

ஒரு நாளில் இரண்டு தளம் பார்த்தால் அதிகம். எதிரே உள்ள தலைமைப் படைக் கட்டடத்துக்கு இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியங்கள் போய்விட்டன. முதல் பயணத்தில் அதைத் தவறவிட்டவர்கள் அங்கிருந்து தொடங்குங்கள்.

நாள் 11, சனி: வெலீகி நோவ்கரத்

காலை ரயிலில் மூன்று மணி நேரம், மாலையில் திரும்பலாம். 1050இல் முடிந்த சோஃபியா பேராலயத்துக்கு வரும் கூட்டம், அதே கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகத்தைத் தாண்டிப் போய்விடுகிறது. தமிழர்கள் தாண்டிப் போகக் கூடாத இடம் அது. 1951 ஜூலை 26 அன்று அகழ்வில் கிடைத்த முதல் பூர்ச்ச மரப்பட்டைக் கடிதத்துக்குப் பின், இதுவரை ஆயிரத்துக்கும் மேல் எடுத்துவிட்டார்கள். மை கிடையாது. எலும்பிலும் உலோகத்திலும் செய்த கூர்முனையால் பட்டையின் உள்பக்கத்தில் கீறியிருக்கிறார்கள். நம் எழுத்தாணியேதான், ஓலைக்குப் பதில் பட்டை. கடன் கணக்கு, வீட்டுச் சண்டை, கொடுக்கல் வாங்கல் என்று சாதாரண ஜனங்களின் எழுத்து. 13ஆம் நூற்றாண்டில் ஒன்ஃபிம் என்ற சிறுவன் அரிச்சுவடி எழுதிப் பழகிய பட்டையின் ஓரத்தில், குதிரையில் ஏறி எதிரியைக் குத்தும் தன்னையே வரைந்து பெயரும் போட்டிருக்கிறான்.

நாள் 12, ஞாயிறு

திங்களன்று மூடும் இடங்களில் எது பாக்கியோ அது இன்றே. குன்ஸ்த்காமெராவுக்குப் போகிறவர்கள் இந்தியப் பகுதியைத் தேடுங்கள். 1914 முதல் 1918 வரை இலங்கையிலும் இந்தியாவிலும் சுற்றிய மெர்வார்த் தம்பதி சேர்த்த பொருள்கள் இந்த அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் உள்ளன. கணவர் அலெக்சாந்தர் மெர்வார்த் 1929இல் ரஷ்ய மொழியில் தமிழ்ப் பேச்சு மொழிக்கு இலக்கணம் எழுதினார்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பாலம், ரயில் யார்டு, ராணுவ வண்டி, சீருடையாளர் எதையும் படம் எடுக்காதீர்கள். வேலை, குடியுரிமை, உதவித்தொகை என்று யார் பேசினாலும் படிக்க முடியாத ரஷ்யத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வேலை என்று நம்பிப் போன இளைஞர்கள் போர்முனையில் போய் நின்றிருக்கிறார்கள். சுற்றுலா விசாவோடு போன பையன்களும் அவர்களில் உண்டு.

நாள் 13, திங்கள்: புறப்பாடு

மஸ்கோவ்ஸ்கயா மெட்ரோவிலிருந்து 39ஆம் எண் பேருந்து புல்கோவோ போகும். அதற்கு மட்டும் சில்லறை வைத்துக்கொண்டு மீதி ரூபிளை ஊருக்குள்ளேயே செலவழித்துவிடுங்கள். மூன்று மணி நேரம் முன்னால் போய்ச் சேர்ந்து, முதல் நாள் வாங்கிய குடிவரவு அட்டையைப் பாஸ்போர்ட்டுக்குள் வைத்து நீட்டுங்கள். ஹோட்டல் பதிவுத் தாள்களைக் கேட்கமாட்டார்கள் என்று குப்பையில் போட்டுவிடாமல், முத்திரை விழும் வரை கையிலேயே வைத்திருங்கள்.